நீராவிச் சம்மட்டியா, காற்றுச் சம்மட்டியா, ரயர் சம்மட்டியா? யாழ்ப்பாணப் பட்டறைக்கு ஓர் ஒப்பீடு

சம்மட்டி போட ஆள் கிடைக்காத காலம் இது. குறடு பிடிக்கிற ஆசாரியார் இருக்கிறார். எதிரே நின்று எட்டு இறாத்தல் சம்மட்டி தூக்க வேண்டிய பொடியன் கொழும்பிலோ கனடாவிலோ நிற்கிறான். அதனால்தான் பவர் ஹாமர், அதாவது யந்திரச் சம்மட்டி பற்றிய பேச்சு பட்டறைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அலவாங்கின் நுனியை இழுக்க இரண்டு பேர் பல சூடு வைத்து அடிக்கிற இடத்தில் 50 கிலோ ஹாமர் ஒன்றிரண்டு சூட்டில் வேலையை முடித்துவிடும்.

இந்தப் பேச்சில் அடிக்கடி தலை காட்டுவது பழைய நீராவிச் சம்மட்டி. மூடிய தொழிற்சாலை ஏலத்திலோ பழைய இரும்பு யார்டிலோ கண்டால் கை பரபரக்கத்தான் செய்யும். விலை கிலோக் கணக்கு. இரும்பு விலைக்கு யந்திரம். ஆனால் அந்தக் காசு மொத்தச் செலவில் சின்னப் பங்கு. மீதி மூன்று இடத்தில் போகும்: காற்று, நிலம், அயல். மற்றத் தெரிவுகளையும் இந்த மூன்றையும் வைத்தே எடை போட வேண்டும்.

வேலைக்கு எவ்வளவு அடி வேண்டும்

யந்திரத்தைப் பார்க்கப் போக முன்னர் பட்டறையில் ஒரு மாதம் அடிக்கிற இரும்பைப் பார்க்க வேண்டும். மண்வெட்டி, கத்தி, அரிவாள், பாளைக் கத்தி எல்லாம் பெரும்பாலும் லொறி ஸ்பிரிங் தகட்டில் செய்பவை. தடிப்பு 8 முதல் 12 மில்லிமீற்றர். கோடாலிக்கு 40, 50 மில்லிமீற்றர்க் கட்டி. அலவாங்குக்கு 32 மில்லிமீற்றர்க் கம்பி. அதற்கு மேல் தடிப்பான இரும்பு வருடத்தில் எத்தனை தரம் உலைக்கு வருகிறது?

ஹாமரின் அளவைச் சொல்வது தலையின், அதாவது ஏறி இறங்கி அடிக்கிற பாகத்தின் எடையில். தலை 50 கிலோ உள்ள ஹாமர் 50 மில்லிமீற்றர் உருண்டைக் கம்பியைச் சோராமல் அடிக்கும். 25 கிலோ ஹாமர் கத்தி, மண்வெட்டி வேலைக்குப் போதும். கோடாலிக் கட்டியில் திணறும். 75 கிலோவைத் தாண்டினால் கத்தி வேலைக்கு அது மெல்ல மெல்லத் தொந்தரவாக மாறும். மெல்லிய தகட்டை ஒரே அடியில் சப்பையாக்கிவிடும். மெதுவாகத் தட்ட வைக்கவே தனிப் பழக்கம் வேண்டும்.

பழைய பிரித்தானிய யந்திரங்களில் தலையின் எடையை அந்தர்க் கணக்கில் பொறித்திருப்பார்கள். 1 அந்தர் 112 இறாத்தல், அதாவது 50.8 கிலோ. தகட்டில் 5 என்று இருந்தால் தலை மட்டும் கால் தொன்.

நீராவிச் சம்மட்டி: இரும்பு மலிவு, காற்று விலை

ஜேம்ஸ் நாஸ்மித் 1839இல் இதை வரைந்தது கிரேட் பிரிட்டன் கப்பலின் துடுப்புச் சக்கர அச்சுக்காக. 30 அங்குல விட்டமுள்ள அச்சை அடிக்க அன்றைக்கு வேறு சம்மட்டி இருக்கவில்லை. கடைசியில் அந்தக் கப்பலுக்குப் பின்விசிறி பூட்டினார்கள். அச்சு அடிபடவே இல்லை. யந்திரம் மட்டும் நிலைத்தது, 1842இல் காப்புரிமையும் கிடைத்தது. மண்வெட்டிக்கென்று பிறந்த யந்திரம் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருகிற கணக்குகள் ஆச்சரியம் தரா.

கொதிகலனை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பழைய பொயிலரைத் தட்டி ஒட்டி நீராவி ஏற்றுவது உயிரோடு விளையாடுகிற வேலை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பரிசோதனையும் வேண்டும். தினமும் காலையில் நெருப்பு மூட்டி அமுக்கம் ஏறும்வரை காத்திருந்து நாலு மண்வெட்டி அடிக்கவும் முடியாது. உலகில் இன்று ஓடுகிற பழைய நீராவிச் சம்மட்டிகளில் பல அமுக்கக் காற்றில்தான் ஓடுகின்றன. சிலிண்டருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இனிக் கணக்கு. 3 அந்தர் அளவிலான ஒரு சம்மட்டிக்குச் சிலிண்டர் 200 மில்லிமீற்றர், ஓட்டம் 400 மில்லிமீற்றர், பிஸ்டன் தண்டு 75 மில்லிமீற்றர் என்று வைப்போம். மேலே 12.6 லீற்றர், கீழே தண்டின் இடம் கழித்து 10.8 லீற்றர். ஏறி இறங்கும் ஓர் அடிக்கு 23.4 லீற்றர். 5 பார் அமுக்கத்தில் அது வெளிக்காற்றில் 140 லீற்றர். நிமிடத்துக்கு 100 முழு அடி என்றால் 14,000 லீற்றர், கொம்பிரசர்க்காரர் பாசையில் ஏறக்குறைய 500 சீஎவ்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி).

ரயர்க் கடையில் நிற்கிற 3 குதிரைவலுக் கொம்பிரசர் நிமிடத்துக்குத் தருவது 250 முதல் 300 லீற்றர் காற்று. இந்தச் சம்மட்டிக்கு அது நிமிடத்துக்கு இரண்டு அடி. "கராச்சுக் கொம்பிரசர் ஒன்று கிடக்குது, அதைப் பூட்டிப் பார்ப்பம்" என்கிற யோசனை இந்த ஒரு வரியோடு முடிகிறது.

நடைமுறையில் எல்லா அடியும் முழு அடி ஆவதில்லை. அரை ஓட்டம், தட்டல், இடைவெளி எல்லாம் சேர்த்துப் பாதியாகக் கணக்கிடலாம். அப்படியும் நிமிடத்துக்கு 7,000 லீற்றர். 7 பார் அமுக்கத்தில் ஆயிரம் லீற்றருக்கு 6.5 கிலோவாற்று என்று போட்டால் 45 கிலோவாற்றுக் கொம்பிரசர் வேண்டும். 60 அம்பியர் திறீ பேஸ் இணைப்பு தருவது ஏறக்குறைய 42 கேவீஏ, அதாவது மிஞ்சிப் போனால் 42 கிலோவாற்று. அதற்கு மேலே போனால் மின்சார சபைக் கணக்கில் நீங்கள் மொத்த விநியோகப் பாவனையாளர். கட்டணமும் வேறு, உச்ச மின்கேள்விக்கு மாதா மாதம் தனிக் கட்டணமும் உண்டு. ஹாமர் ஒரு மாதம் முழுக்கச் சும்மா நின்றாலும் நிலைக் கட்டணம் நிற்காது.

இதற்கு இரண்டு குறுக்கு வழி சொல்வார்கள். முதலாவது, றோட்டு வேலைக்குப் பாவிக்கிற 185 சீஎவ்எம் டீசல் கொம்பிரசரும் பெரிய காற்றுத் தாங்கியும். 1,000 லீற்றர்த் தாங்கி 8 பாரிலிருந்து 5 பாருக்கு இறங்கும்போது 3,000 லீற்றர் காற்றைத் தரும்: 21 முழு அடி. கொம்பிரசர் அதைத் திரும்ப நிரப்ப 35 செக்கன் எடுக்கும். ஒரு சூட்டுக்கு 20 அடி, பிறகு இரும்பு உலைக்குப் போகிற நேரத்தில் தாங்கி நிரம்புகிறது. ஆக, இது உண்மையிலேயே ஓடும் ஏற்பாடு. ஆனால் முழுச் சுமையில் மணிக்கு 8 முதல் 10 லீற்றர் டீசல் குடிக்கும். தாங்கியையும் சோதித்த தாங்கியாகவே வாங்க வேண்டும். லொறிப் பிறேக் தாங்கிகளை வெல்டிங் பண்ணித் தொடுத்து வைத்தால் அதன் பக்கத்தில் நின்று வேலை செய்ய யாரும் ஒப்பக் கூடாது.

இரண்டாவது, மேலே காற்று விடாமல் தூக்கிப் போட மட்டும் காற்றுப் பாவிப்பது. நாஸ்மித்தின் முதல் வடிவமும் இதுதான். 2 பார் போதும், அடிக்கு 32 லீற்றர் மட்டும். ஆனால் 150 கிலோத் தலை 400 மில்லிமீற்றர் விழுந்தால் கிடைக்கிற அடி 0.6 கிலோயூல். சீனாவில் செய்கிற 40 கிலோக் காற்றுச் சம்மட்டியின் அடியே 0.53 கிலோயூல்தான், அதுவும் நிமிடத்துக்கு 245 தரம். ஐந்து தொன் இரும்பை அத்திவாரத்தில் நட்டு ஒன்றரைத் தொன் யந்திரத்தின் வேலையை வாங்குவதற்கு அதிக ஆர்வம் வேண்டும்.

இருந்தும் வாங்குகிறவருக்கு: யார்டில் பார்க்க வேண்டியவை

முதல் கேள்வி சிலிண்டர் பற்றியதாக இருக்கக் கூடாது. பட்டடைக் குற்றி, அதாவது கீழே இருந்து அடியை வாங்குகிற இரும்புக் கட்டி, எங்கே? நடுத்தர அளவு நீராவிச் சம்மட்டிகளில் மேற்சட்டமும் பட்டடைக் குற்றியும் தனித்தனி. குற்றி தரைக்குக் கீழே மரப் படுக்கையில் உட்கார்ந்திருக்கும். தொழிற்சாலையை உடைக்கிறவர்கள் மேலே தெரிகிறதை வெட்டித் தூக்கிவிட்டுக் குற்றியைக் குழியிலேயே விட்டுவிடுவார்கள். குற்றி தலையைப் போலக் குறைந்தது 10 மடங்கு இருக்க வேண்டும், 15 மடங்கு நல்லது. 3 அந்தர்த் தலைக்கு ஒன்றரை முதல் இரண்டேகால் தொன். அதைப் புதிதாக வார்க்க இங்கே வழியில்லை. குற்றி இல்லாத நீராவிச் சம்மட்டி பார்க்க அழகான பழைய இரும்பு, அவ்வளவுதான்.

குற்றி இருந்தால் அடுத்தது சட்டம். கையில் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் சோக்குத் தூளும் போதும். சட்டத்தின் வளைவு, சிலிண்டர் உட்காரும் விளிம்பு, தலையின் கீழே டை (இரும்பில் படுகிற அடிமுகத் துண்டு) பொருந்துகிற புறாவால் காடியின் உள்மூலை ஆகிய இடங்களில் பெயின்ற்றைச் சுரண்டி, மண்ணெண்ணெய் பூசி, பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூள் தடவ வேண்டும். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் தூளில் ஒரு மெல்லிய ஈரக் கோடாக வெளியே வரும். காடியின் உள்மூலையில்தான் அநேகமாக வரும். அந்த மூலையைக் கூராக வெட்டியிருந்தால் இன்னும் விரைவில் வரும்.

சட்டம் வார்ப்பிரும்பு. சாதாரண வெல்டிங் குச்சியால் ஒட்டினால் ஒட்டின இடம் கெட்டியாகி, அதற்குப் பக்கத்தில் சில நாளிலேயே புது வெடிப்பு ஓடும். சின்ன வெடிப்பென்றால் இரு முனையிலும் 6 அல்லது 8 மில்லிமீற்றர்த் துளை போட்டு ஓட்டத்தை நிறுத்தி, குறுக்கே உருக்கு இழுவைக் கம்பி போட்டு நட்டு முறுக்கலாம். சிலிண்டர் விளிம்பிலோ தலையிலோ வெடிப்பென்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுவது நல்லது.

பிஸ்டன் இறுகிக் கிடப்பது பெரிய குறையல்ல. டீசலும் ஒயிலும் சரிக்குச் சரி கலந்து சிலிண்டருக்குள் நிரப்பி ஒரு கிழமை ஊற விட்டு, தலைக்குக் கீழே பாலை மரக் கட்டை வைத்துக் கைட்றோலிக் ஜக்கால் நேராகத் தூக்கினால் பெரும்பாலும் விடும். காற்று விட்டு இளக்கப் பார்க்கக் கூடாது. விடுகிற கணத்தில் கால் தொன் இரும்பு மேலே பாயும், பிறகு கீழே வரும். எந்த வேலைக்கும் தலைக்கு அடியில் கை போகுமுன் மரக்கட்டை முண்டு கொடுத்தாக வேண்டும்.

பிஸ்டன் தண்டு, தலைக்குள் இறங்குகிற கூம்பின் மேல் விளிம்பில்தான் முறியும். ஓரத்தில் வைத்து அடித்த அடியும், சூட்டிரும்பு இல்லாமல் டையில் டை மோதிய அடியும் சேர்த்து வைத்த கடன் அது. புதிய தண்டை என்19 அல்லது என்24 உருக்கில் லேத் பட்டறையில் கடையலாம். கூம்பைத் தலையின் துளையோடு நீல மை பூசிப் பொருத்திப் பார்த்து, 80 சதவீதமாவது தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொடாத கூம்பை ஆப்படித்து இறுக்கினாலும் ஒரு வருடம் தாங்காது.

தண்டு சிலிண்டரை விட்டு வெளியே வருகிற இடத்தில் கசிவை அடைப்பது கிளாண்ட். அதில் பழைய பாக்கிங் கல்லாகியிருக்கும். கிறபைற் தோய்த்த சதுரக் கயிற்றைத் தண்டின் அளவுள்ள ஒரு குழாயில் சுற்றி, 45 பாகையில் சாய்த்து, வளையம் வளையமாக வெட்ட வேண்டும். சுருளாக ஒரே கயிற்றைத் திணிக்கக் கூடாது. ஒவ்வொரு வளையத்தின் வெட்டும் முந்தியதற்குக் கால் வட்டம் தள்ளி விழ வேண்டும். நட்டைக் கைவிரலால் இறுக்கி, ஓட்டிப் பார்த்து, கசிவுக்கு ஏற்றபடி கால் திருகு கூட்டலாம். கசிவு முற்றாக நிற்கும்வரை சாவி போட்டு இறுக்கினால் தண்டில் கோடு விழுந்துவிடும். காற்றுச் சீறுவது காதுக்குக் கஷ்டம், தண்டுக்கு நல்லது.

நீராவிக்காகச் செய்த யந்திரத்தைக் காற்றில் ஓட்டும்போது இரண்டு விசயம் மாறுகிறது. நீராவிச் சிலிண்டர் ஒயில் கூழ் மாதிரி; குளிர்ந்த சிலிண்டரில் ஓடாது, வால்வை ஒட்டிப் பிடிக்கும். பாறை துளைக்கிற காற்று யந்திரங்களுக்குப் போடுகிற ஒயிலைச் சொட்டுச் சொட்டாகக் காற்றுக் குழாயிலேயே கொடுக்க வேண்டும். மற்றது தண்ணீர். யாழ்ப்பாணத்துக் காற்றின் ஈரம் கொம்பிரசரில் பிழிபட்டுத் தாங்கியில் சேர்ந்து சிலிண்டருக்குள் வரும். தாங்கியின் அடிக் குழாயைத் தினமும் திறந்து விடாவிட்டால், கடைந்து மெருகேற்றிய சிலிண்டர் ஒரு மாரிக்குள் துரு பிடிக்கும். பண்ணைப் பக்கமோ வல்வெட்டித்துறைக் கரையோ என்றால் கடற்காற்றின் உப்பே போதும்.

இந்த வேலைகளுக்குக் கை இங்கே குறைவில்லை. பெற்றோல் இல்லாத காலத்தில் மோட்டர்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது.

மோட்டரும் கொம்பிரசரும் உடம்பிலேயே உள்ள காற்றுச் சம்மட்டி

ஒரே சட்டத்தில் இரண்டு சிலிண்டர். பின் சிலிண்டரின் பிஸ்டனை மோட்டர் கிராங்கால் ஆட்டுகிறது. அந்தக் காற்று முன் சிலிண்டரில் தலையைத் தூக்கி அடிக்கிறது. வெளிக் கொம்பிரசரும் தாங்கியும் தேவையில்லை. மாஞ்செஸ்ரரில் 1861இல் தொடங்கிய மாஸி கம்பனி நீராவிச் சம்மட்டியோடு இந்த வகையையும் செய்தது. இந்தியாவில், சிறப்பாகப் பஞ்சாப் பக்கத்தில், இதே வடிவத்தில் செய்கிறார்கள். சீனாவின் சி41 வரிசையும் இதே குடும்பம்.

சி41 வரிசையில் 75 கிலோ ரகத்துக்கு 7.5 கிலோவாற்று மோட்டர், நிமிடத்துக்கு 210 அடி, அடிக்கு 1 கிலோயூல். நீராவிச் சம்மட்டிக்கு 45 கிலோவாற்று கேட்ட அதே மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் இது 15 அம்பியர் இழுக்கும். 30 அம்பியர் திறீ பேஸ் இணைப்பில் ஸ்ரார்-டெல்ரா ஸ்ரார்ட்டர் வைத்தால் போதும். நேரடியாக ஸ்ரார்ட் பண்ணினால் அந்தக் கணத்தில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். பட்டறையின் மெயின் சுவிச் விழும், அயல் வீட்டு லைற்றும் ஒருக்கால் மங்கும்.

பழையதை வாங்குகிறவர் கட்டாயம் ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் சூடேறின பிறகு. குளிரில் நன்றாக அடிக்கிற தேய்ந்த யந்திரம் இருபது நிமிடத்தில் ஒயில் இளகிக் காற்றுக் கசிந்து சோர்ந்துபோகும். பிறகு தலையை மேலே தூக்கி நிறுத்துகிற நிலையில் விட்டுப் பார்க்க வேண்டும்: அரை நிமிடம் அசையாமல் நிற்கிறதா, மெல்ல மெல்ல இறங்குகிறதா? இறங்கினால் ஒருவழி வால்வோ வளையங்களோ போய்விட்டன. வால்வு சின்னச் செலவு. வளையமும் மாற்றலாம். சிலிண்டர் சுவரிலேயே ஆழக் கோடு இருந்தால் அது வேறு கதை. மோட்டரை நிறுத்திவிட்டுத் தலையைப் பாரால் பக்கத்துக்கு நெம்பி ஆட்டமும் பார்க்கலாம், 0.3, 0.4 மில்லிமீற்றர் வரை பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் ஆகாது.

இந்த வகையின் பலவீனம் ஒயில். பம்பி விடுகிற ஒயில் திரும்பி வராது, தலை வழியே வடிந்து வேலை மேலேயே சொட்டும். அழுக்கு என்று ஒயிலைக் குறைத்தவர்கள் சிலிண்டரை மாற்றியிருக்கிறார்கள்.

இறக்குமதி செய்ய நினைத்தால், சுங்கத்தில் இது 84.62 தலைப்பில் வரும். பாவித்த யந்திரத்துக்கு அந்த நேரத்தில் என்ன அனுமதி வேண்டும் என்று காசு அனுப்ப முன்னரே முகவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. கொழும்பில் இறங்கி 400 கிலோமீற்றர் லொறியில் வரவேண்டும். 75 கிலோ ரகத்தின் முழு எடை மூன்று தொன்னை ஒட்டி வரும். பட்டறை வாசலில் இறக்குவதற்கு பூம் லொறியை முன்கூட்டியே பிடித்து வைக்காவிட்டால் லொறிக்காரருக்குத் தாமதக் காசு.

ஸ்பிரிங் சம்மட்டி, ரயர் சம்மட்டி

மோட்டர், கிராங், ஸ்பிரிங், தலை: காற்றே இல்லாத வகை. அமெரிக்காவின் லிற்றில் ஜயன்ற் இதில் பேர் போனது. இங்கே கண்ணில் படாது. இங்கே பொருந்துவது உள்ளூரில் கட்டுகிற வடிவம். பழைய கார் ரயர் ஒன்று றிம்மோடு கிராங்காகச் சுழலும். மிதியை அழுத்தினால் 2 குதிரைவலு மோட்டரின் உருளை ரயரில் உரசும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். 20, 25 கிலோத் தலையை ஸ்பிரிங் பூட்டிய கைகளில் தொங்கவிட்டால் நிமிடத்துக்கு 250 அடி வரை வரும். சிங்கிள் பேஸ் வீட்டு இணைப்பிலேயே ஓடும். பழுதானால் வெல்டிங் கடையில் திருத்தலாம்.

இதைக் கட்டுகிறவர்கள் ஒரே இடத்தில் பிழை விடுகிறார்கள்: பட்டடை. பெரிய குழாயில் கொங்கிறீற் நிரப்பி மேலே தகடு ஒட்டுவார்கள். பார்க்கத் தடிப்பு, அடியில் உயிர் இல்லை. தலையின் வேகத்தைக் கொங்கிறீற் தின்றுவிடும், ஆறு மாதத்தில் அதுவும் மாவாகும். உருக்கு ஒரே திண்மமாக இருக்க வேண்டும். 150 மில்லிமீற்றர் விட்டம், 900 மில்லிமீற்றர் உயரம் உள்ள உருண்டை 125 கிலோ. 25 கிலோத் தலைக்கு ஐந்து மடங்குதான். 200 மில்லிமீற்றர் என்றால் 222 கிலோ, ஏறக்குறைய ஒன்பது மடங்கு. வித்தியாசம் கையிலேயே தெரியும். பெரிய உருண்டை கிடைக்காவிட்டால் லொறி அக்சில்களைச் செங்குத்தாக நெருக்கி அடுக்கிச் சுற்றிவர வெல்டிங் பண்ணலாம். அடி ஒவ்வொரு அக்சில் வழியாகவும் நேரே கீழே இறங்கும்.

கிராங்குக்கும் ரயருக்கும் இரும்பு வலை மூடி இல்லாமல் ஒரு நாளும் ஓட்டக் கூடாது. கிராங்குப் பின் முறிந்தால் தலை தொங்கின கையோடு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

கைட்றோலிக் பிரெஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 25 தொன் பிரெஸ் கோடாலிக் கண் துளைக்க, தடிப்பான கட்டியை நசுக்க நல்லது. அத்திவாரம் வேண்டாம், சத்தமில்லை. ஆனால் மெதுவாகத் தொட்டு நிற்பதால் டை இரும்பின் சூட்டைக் குடித்துவிடும். 6 மில்லிமீற்றருக்குக் கீழே போகிற கத்தி அலகை அதில் இழுப்பது கடினம். கத்தி, மண்வெட்டிப் பட்டறைக்கு இது இரண்டாம் யந்திரம்.

நிலமும் அயலும்

வலிகாமத்தில் செம்மண்ணைத் தோண்டினால் சில அடியில் சுண்ணாம்புக் கல். "பாறை வந்துவிட்டது, இனி அத்திவாரம் எதற்கு" என்று அதன் மேலேயே கொங்கிறீற் வைப்பவர்கள் உண்டு. யந்திரம் அசையாதுதான், ஆனால் அடி கல்லுக்குள் மணி அடித்த மாதிரி ஓடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய நாற்சார் வீடும், கல் அடுக்கிய கிணற்றுச் சுவரும் அதைக் கேட்கும். வெடிப்பு யாருடைய சுவரில் வந்தாலும் குற்றவாளி ஹாமர்தான், முன்பே இருந்த வெடிப்பாக இருந்தாலும். ஓட்டத் தொடங்க முன்னர் அயல் வீட்டுச் சுவர்களை வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே திகதியோடு படம் எடுத்து வைப்பது கெட்டித்தனம்.

செய்ய வேண்டியது இது. அத்திவாரத்தின் எடை தலையைப் போல 80 மடங்கு. 75 கிலோத் தலைக்கு 6 தொன், அதாவது ஒன்றரை மீற்றர்ச் சதுரம், 1.1 மீற்றர் ஆழம். கல்லை வெட்டி இறக்கி, அடியில் ஒரு சாண் பருமணல் போட்டு இறுக்கி, நாலு பக்கமும் 50 மில்லிமீற்றர் இடைவெளி விட்டுக் கட்டியை வார்க்க வேண்டும். இடைவெளியில் மணலோ பழைய றப்பர்த் தகடோ. பட்டறைத் தளம் கட்டியைத் தொடக் கூடாது. யந்திரத்துக்கும் கட்டிக்கும் நடுவில் 150 மில்லிமீற்றர் பாலை அல்லது முதிரை மரப் படுக்கை, பலகைகளைக் குறுக்கே போல்ட் போட்டு இறுக்கி. பனைமரம் இதற்கு ஆகாது. வெளி வைரம் நிற்க உட்சோறு நசியும், யந்திரம் ஒரு பக்கம் சரியும். கொங்கிறீற்றுக்கு 28 நாள் கொடுத்த பிறகே முதல் அடி. முதல் கிழமை முடிய எல்லாப் போல்ட்டையும் திரும்ப இறுக்க வேண்டும், மரம் அதற்குள் படிந்திருக்கும்.

தென்மராட்சி, வடமராட்சி கிழக்கு மணலில் பிரச்சினை மறுபக்கம். ஒவ்வொரு அடிக்கும் மணல் இறுகி யந்திரம் கீழே இறங்கும். அங்கே ஆழத்தை விட அகலம் முக்கியம், கம்பி வலையும் போட வேண்டும். எந்த இடமானாலும் மாரியில் கிணறு ஏறும்போது குழியிலும் தண்ணீர் ஏறும். 75 கிலோ யந்திரத்துக்கு ஒன்றரை மீற்றருக்குள் தோண்டித் தப்பலாம். பட்டடைக் குற்றி தனியாகக் கீழே இறங்குகிற நீராவிச் சம்மட்டிக்கு இரண்டு மீற்றருக்கு மேல் வேண்டும். மரப் படுக்கை கார்த்திகை மார்கழியில் ஊறி பங்குனியில் காயும்.

சத்தத்துக்கு 1996ஆம் ஆண்டின் விதிகள் உண்டு: பிரதேச சபைப் பகுதியில் பகலில் காணி எல்லையில் 55 டெசிபல், மாநகர, நகர சபைப் பகுதியில் 63. பகல் என்பது காலை 6 முதல் மாலை 6. பெரிய ஹாமருக்கு 55 கடினம். நாலு பரப்புக் காணியின் நடுவில், பின்பக்கம் மூடிய சுவரோடு வைத்தால்தான் கிட்ட வரலாம். பிரதேச சபையில் வியாபார உரிமத்தோடு சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பற்றியும் அத்திவாரம் வெட்ட முன்னர் கேட்டுவிட வேண்டும்.

ஆக, எது

வீட்டோடு சேர்ந்த பட்டறை, சிங்கிள் பேஸ், கத்தியும் மண்வெட்டியும் என்றால் ரயர் சம்மட்டி. வேறு யோசனை தேவையில்லை. அதில் இரண்டு வருடம் அடித்தால் உங்களுக்கு எவ்வளவு அடி வேண்டும் என்று கைக்கே தெரிந்துவிடும்.

திறீ பேஸ் இருக்கிறது, கோடாலி, அலவாங்கு, கேற் வேலை எல்லாம் தினமும் வருகிறது என்றால் 40 முதல் 75 கிலோவுக்குள் ஒரு காற்றுச் சம்மட்டி. எங்கள் கணக்கில் குடாநாட்டின் பெரும்பாலான முழுநேரப் பட்டறைகளுக்கு இதுதான் சரி. புதிய சீன யந்திரத்துக்கும் ஓடுகிற பழைய மாஸிக்கும் இடையில் தடுமாறினால், பழையதின் சிலிண்டர் நல்லதென்று உறுதியானால் மட்டும் பழையது.

நீராவிச் சம்மட்டி சரி வருகிற இடம் ஒன்றுதான். அயல் தூரமான பெரிய காணி, ஏற்கெனவே வேறு வேலைக்காக நிற்கிற 185 சீஎவ்எம் கொம்பிரசர், 3 அந்தருக்கு மேற்படாத சின்ன யந்திரம், பட்டடைக் குற்றி கையோடு. நாலும் சேர்ந்தால் வாங்கலாம். மூன்று இருந்தால் வாங்க வேண்டாம். நாலு பட்டறைகள் சேர்ந்து, அல்லது ஒரு தொழில்நுட்பக் கல்லூரி எடுத்து நடத்தினால் இன்னும் பொருந்தும்.

யார்டுக்குப் போய் நீராவிச் சம்மட்டி சரிவராது என்று முடிவெடுத்தவர் வெறும் கையோடு திரும்பத் தேவையில்லை. சம்மட்டியை இரும்புக்கு வெட்டுகிறவர்கள் குற்றியைக் குழியிலேயே விட்டுப் போவார்கள் என்று மேலே சொன்னோம். ஓர் அந்தர், ஒன்றரை அந்தர்ச் சின்னச் சம்மட்டியின் குற்றி அரைத் தொன்னுக்கு மேலே வரும், ஒரே திண்ம இரும்பு. வார்ப்பிரும்பென்றாலும் மேலே உருக்கு டை இருப்பதால் பரவாயில்லை. 25 கிலோ ரயர் சம்மட்டிக்கு அதைவிட நல்ல பட்டடை காசு கொடுத்தும் கிடைக்காது. தோண்டி எடுக்கிற கூலியை யார் தருவது என்பதை மட்டும் விலை பேச முன்னரே தீர்த்துக்கொள்ள வேண்டும்.